கல்நார்த் தூசியும் நுரையீரலும்: கேள்வி பதில்

நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன் நான். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் படுத்துத் தூங்குவதே ஆபத்தா?

ஷீட் நல்ல நிலையில் இருந்தால் பெரிய பயம் வேண்டாம். கல்நாரின் நுண்ணிய இழைகள் சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கும். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், பிரஷ் வைத்துத் தேய்த்தால் கிளம்பும். ஓரங்கள் உதிர்ந்து மாவாகக் கொட்டினால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போன வாரம் பழைய ஷீட்டில் டிரில் போட்டேன். அதிலிருந்து தொண்டை கரகரக்கிறது, இருமுகிறேன். நோய் வந்துவிட்டதா?

இல்லை. எந்தத் தூசியை இழுத்தாலும் தொண்டை கரகரக்கும். கல்நார் நோய்கள் இவ்வளவு சீக்கிரம் தலைகாட்டுவதில்லை. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸுக்குப் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகளாவது ஆகும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்க்கு 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். அதனால் இன்று எக்ஸ்ரே எடுத்தாலும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் வேலையால் வரும் ஆபத்து மிகச் சிறியது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தூசி இன்னும் தரையில் கிடந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பையில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. 20 வருடம் கொதிகலன்களுக்குக் கல்நார் சுற்றும் வேலை பார்த்தார். விட்டு 25 வருடம் ஆகிறது. இப்போது மாடிப்படி ஏறினால் இரைக்கிறது, வறட்டு இருமல். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலனில்லை.

வந்த கேள்விகளில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். அந்த மருத்துவரிடம் அப்பாவின் பழைய வேலையைப் பற்றிச் சொன்னீர்களா?

கல்நார் இழைக்கு மணமில்லை, உள்ளே போவதே தெரியாது. காற்றுப்பைகள் வரை போய் உட்கார்ந்துவிடும். உடம்பின் துப்புரவு அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். இழை அவற்றைவிட நீளமாக இருந்தால் முழுதாக விழுங்க முடியாமல் திணறி, அழற்சியை உண்டாக்கும் பொருள்களைக் கக்கும். வருடக்கணக்கில் இது நடக்க நடக்க, பஞ்சுபோல் விரிய வேண்டிய நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும். வேலையை விட்ட பிறகும் இது தொடரலாம். இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கும், விறைத்த நுரையீரலை ஒன்றும் செய்யாது.

இப்படிப்பட்டவர்களின் முதுகில், நுரையீரலின் அடிப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் சரசரவென்று கேட்கும். வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அப்பாவின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அடியில் வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது அடைந்திருந்தால் விரல்நுனி புடைத்திருக்கிறது என்று அர்த்தம், இந்த நோயில் சிலருக்கு அப்படி ஆகும். இடைவெளி தெரிந்தால் நோய் இல்லை என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஆரம்ப நிலை சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். தழும்பை அழிக்க மருந்து இல்லை. ஆனால் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்சிஜன் என்று அவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது.

கேள்வி: நான் அந்த வேலை பார்க்கவில்லை. கணவர் பார்த்தார். அவர் உடுப்பைத் தினமும் உதறித் துவைத்தவள் நான்தான். எனக்கும் வருமா, டாக்டர்?

வரலாம், அம்மா. அப்படி வீட்டுக்கு வந்த தூசியால் மீசோதெலியோமா வந்த மனைவியரும் பிள்ளைகளும் உண்டு. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவ ஆய்வாளரும் உடன் ஆய்ந்தவர்களும் பதிவுசெய்த 33 மீசோதெலியோமா நோயாளிகளில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே இல்லை, நீலக் கல்நார் என்ற வகையை எடுக்கும் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலானோருக்கு வருவதில்லை என்பதும் உண்மை. மூச்சுக்கோளாறு என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் துணி துவைத்த கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளைக் கல்நாரால் கெடுதல் இல்லை என்கிறார்களே?

தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: ஸ்கேனில் 'ப்ளூரல் பிளாக்' என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயா?

இல்லை. நுரையீரல் உறையில் உண்டான தடிப்பு அது, புற்றுநோயாக மாறாது. ஆனால் எப்போதோ கல்நார் உள்ளே போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

கேள்வி: இத்தனை வருடம் கல்நாரிலேயே போய்விட்டது. இனி சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. தங்கிவிட்ட இழையை வெளியே எடுக்க என்னிடம் வழியில்லை. சிகரெட்டை விட என்னால் உதவ முடியும், தயவுசெய்து வாருங்கள்.

கேள்வி: எந்த அறிகுறி வந்தால் தள்ளிப்போடக் கூடாது?

சளியில் ரத்தம், ஒரே பக்கத்தில் விடாத நெஞ்சுவலி, நாளுக்கு நாள் கூடும் மூச்சுத்திணறல் (நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம்), காரணமில்லாமல் எடை இறங்குவது, மூன்று வாரம் தாண்டியும் சரியாகாத குரல் கம்மல். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை, கல்நாரைக் கையால் அறுத்தீர்களா, உடன் வேலை பார்த்த யாருக்காவது நெஞ்சு நோய் வந்ததா. மருத்துவர் கேட்காவிட்டாலும் அவர் மேசைமேல் வையுங்கள்.