நிதியியலில் கலாநிதிப் பட்டம் செய்து விரிவுரையாளராவதற்காக வங்கி வேலையை விடலாமா?

மாதாமாதம் இலக்கு, இலக்கு என்று மேலாளர் நெருக்கியதில் வெறுத்துப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். விடலாம். ஆனால் கட்டணக் காசை எந்த நாணயத்தில் வைத்திருக்கிறீர்கள்?

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் முதலீட்டைப் பல பங்குகளில் பரப்பி அபாயத்தைக் குறைப்பதுதான் என் ஆய்வு. பதிவு மலேசியாவில். கொரோனாவுக்குத் திரும்பி வந்து, திருகோணமலை உவர்மலை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். மிச்சக் கட்டணத்தை 2021 இலேயே கட்டிவிடச் சொன்னான் நண்பன். நான்தான், நிலையான வைப்பு வட்டி வீணாகிவிடும் என்று கணக்குக் காட்டினேன். அப்போது மத்திய வங்கி டொலரை 203 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டது. 48 ரூபாய்க்குக் கணக்குப் போட்ட மலேசிய ரிங்கிட், மே மாதம் 80 ஐத் தாண்டியது.

மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கழற்றித் தரும்போது, "நீங்கள் ரிஸ்க்கைப் பற்றித்தானே படிக்கிறீங்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டா. அவ்வளவுதான்.

'ஏட்டுச் சுரைக்காய்' என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று: இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டு 1990 இல் நோபல் வாங்கிய ஹாரி மார்கோவிட்ஸ், தன் ஓய்வுகாலச் சேமிப்பைத் தன் சூத்திரப்படி பிரிக்கவில்லை. பங்குக்குப் பாதி, கடன் பத்திரத்துக்குப் பாதி என்று போட்டுவிட்டார். அவருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்! ரூபாய் விழுந்த அதே 2022 இல், ஏப்ரலில் கொழும்புப் பங்குச் சந்தையையும் ஒரு வாரம் மூடினார்கள். என் தரவில் விழுந்த அந்த ஓட்டையை விளக்கவே தனியாக நாலு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

சம்பளத்தோடு கற்கை விடுப்பு எடுத்தால் திரும்பி வந்து பணியாற்றப் பிணைப்பத்திரம் எழுத வேண்டும், பிணையாளிகளும் தேவை. நல்ல உறவுக்காரரும் அப்போதுதான் போனை எடுக்கமாட்டார்கள். அதைவிடக் கொடுமை, ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரச கரும மொழிதானே? ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபரிடம் போவேன். சரி, அது வேறு கதை.

பட்டம் 2023 இல் கிடைத்தது. கொடியை மீட்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.