பல வேலைகள் செய்யும் கிளைகளை ஒரே விகிதத்தை வைத்துத் தரவரிசைப்படுத்தலாமா?

பல உள்ளீடுகளும் (ஊழியர், செலவு மாதிரி உள்ளே போடுவது) பல வெளியீடுகளும் (கடன், பரிவர்த்தனை மாதிரி வெளியே வருவது) உள்ள இடங்களில் யார் திறமையாக நடத்துகிறார்கள் என்று அளக்க ஒரு விகிதம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நீங்களும் ஏதோ ஒரு பட்டியலின் அடியில் நிறுத்தப்பட்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருந்தவன். சின்ன ஊர்க் கிளை. மாத முதல் வாரத்தில் வரிசை வாசலைத் தாண்டும். முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் குழுக் கடன், நகைக்கடன் வட்டி என்று கவுன்டரில் நிமிர நேரம் இருக்காது. பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்தால்தான் பலருக்கு நிம்மதி. மண்டல அலுவலகத்திலோ ஒரே கணக்குதான்: டெபாசிட்டையும் கடனையும் கூட்டி ஊழியர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மில்காரர்கள் கணக்கு வைத்திருந்த நகரக் கிளை எப்போதும் மேலே, நாங்கள் கீழே. "உங்க ஸ்டாஃப் என்னதான் பண்றாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். பெரிய கடனுக்கும் உழைப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவுன்டர் வேலைக்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ. 1957இல் பொருளாதார அறிஞர் ஃபேரல் போட்ட அடித்தளத்தின் மேல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் இதை வெளியிட்டார்கள். ரோட்ஸின் முனைவர் பட்ட ஆய்வு, அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளித் திட்டத்தைப் பற்றியது. வாசிப்பு, கணக்கு மதிப்பெண்களோடு குழந்தையின் தன்மதிப்பையும் ஒரு வெளியீடாக எடுத்துக்கொண்டார்கள். தன்மதிப்புக்கு என்ன விலை போடுவது? போட வேண்டியதே இல்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. வெளியீடுகளுக்கு எடை (எது எவ்வளவு முக்கியம் என்ற எண்) போட்டுக் கூட்டி, அதேபோல எடை போட்டுக் கூட்டிய உள்ளீடுகளால் வகுத்தால் வருவதுதான் திறன் மதிப்பெண். ஒவ்வொரு பள்ளிக்கும் தனக்கு மிகச் சாதகமான எடைகளை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. ஒரே நிபந்தனை, அதே எடைகளைப் போட்டால் அந்தப் பள்ளி உட்பட எந்தப் பள்ளியின் மதிப்பெண்ணும் 1ஐத் தாண்டக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 'அ' கிளையில் ஊழியர் தலைக்கு 10 கோடி கடன், மாதம் 1,000 பரிவர்த்தனை. 'ஆ' கிளையில் 2 கோடி, 5,000 பரிவர்த்தனை. 'இ' கிளையில் 5 கோடி, 2,000. கடனை மட்டும் பார்த்தால் 'ஆ'தான் கடைசி. டி.இ.ஏ.யில் 'அ', 'ஆ' இரண்டுமே 1 வாங்கும், 'இ' 0.75 வாங்கும். 'இ'யில் 8 பேர் இருந்தால் அந்த வேலையை 'அ' மாதிரி மூன்றரைப் பேரும் 'ஆ' மாதிரி இரண்டரைப் பேரும், மொத்தம் 6 பேர் முடித்துவிடுவார்கள். யாரைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது. விகிதம் இதைச் சொல்லாது.

எங்கள் மண்டலத்துக் கிளைகளை இப்படிப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கிளைக்கு 1 வந்தது. நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்த சில கிளைகள் கீழே போயின. அதிகாரியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா மேலே கேக்கறது ஒரே நம்பர் சார்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

"அவரவர் எடையை அவரவரே எடுத்துக்கொண்டால் எல்லோரும் நல்லவர்தானே?" என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து கிளைகளுக்கு எட்டு அளவீடுகள் வைத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் 1 விழும். அதனால்தான் கிளைகளின் எண்ணிக்கை, உள்ளீடுகள் எத்தனை, வெளியீடுகள் எத்தனை என்று கூட்டினால் வருவதைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். எந்த எடையும் பூஜ்யமாகாதபடி வரம்பும் வைக்கலாம். கிளை சின்னதா பெரியதா என்பதால் வரும் வித்தியாசத்துக்கு, 1984இல் பேங்கர் என்பவர் சார்ன்ஸ், கூப்பரோடு சேர்ந்து உருவாக்கிய இன்னொரு வடிவம் இருக்கிறது. 1 என்றால் உன்னதம் என்று அர்த்தமில்லை, இந்தக் கூட்டத்தில் இதைவிட மேலாக யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை வாங்க வரும் பாட்டிகளிடம் இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்லி எங்கள் ஊழியர்களை விரட்டினார்கள். அதற்கு மட்டும் தனிப் பட்டியல், தினமும் மாலையில் போன். வரிசையைச் சீக்கிரம் முடித்து அனுப்பிய கேஷியருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: எக்ஸலில் இருக்கும் சால்வர் என்ற கணக்குத் தீர்க்கும் கருவியே போதும், ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். அதற்கு முன் எதையெல்லாம் வெளியீடாக எடுப்பது என்று கவுன்டரில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1 வாங்கிய கிளைகளின் எண்களை மறுபடி சரிபாருங்கள், அங்கே ஒரு தப்பான என்ட்ரி இருந்தால் மற்றவர்களின் மதிப்பெண் அநியாயமாகக் குறையும்.