திராட்டில் வேறு, பிட்ச் வேறு: நெல்லைப் பக்கத்துக் கேள்விகள்

போர் விமான சிமுலேட்டர் ஓட்டும் நம் பக்கத்து ஆட்கள் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் திராட்டிலும் பிட்ச்சும் ஒன்றுதான் என்ற ஒரே குழப்பத்தில் இருந்து வந்தவை என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, டிசிஎஸ் சிமுலேட்டரில் பி-51 மஸ்டாங் ஓட்டுகிறேன். திராட்டில், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இரண்டையும் கடைசி வரை தள்ளித்தான் பறப்பேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் போய்விடுகிறது. எதற்கு இரண்டு லீவர்?

தம்பி, மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். கால் ஆக்ஸிலேட்டரில், கை கியரில். திராட்டில்தான் ஆக்ஸிலேட்டர். எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதை மேனிஃபோல்டு பிரஷர் முள் காட்டும். ஆர்பிஎம் லீவர் கியர் மாதிரி, ஆனால் கியரேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இத்தனை சுற்றில் நில்’ என்று கவர்னருக்கு (சுற்றைக் கவனிக்கும் கருவி) நீங்கள் கொடுக்கும் உத்தரவு அது. கவர்னர் புரொப்பெல்லர் பிளேடுகளின் கோணத்தை, அதாவது பிட்ச்சை, கூட்டியும் குறைத்தும் அந்தச் சுற்றைக் காப்பாற்றும். அதனால்தான் திராட்டிலை அசைத்தாலும் ஆர்பிஎம் முள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

மஸ்டாங்கில் மேனிஃபோல்டு பிரஷர் 67 அங்குலம் (பாதரச அளவில்), 3,000 சுற்று என்பது உயிருக்கு ஆபத்து வரும்போது மட்டும், அதுவும் 5 நிமிடம். 61 அங்குலம், 3,000 சுற்று என்றால் 15 நிமிடம். 46 அங்குலத்தில் 2,700 சுற்று வைத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். மேலே ஏறும்போதும் எதிரியைத் தேடும்போதும் 46-லேயே இருங்கள். சண்டையில் பாதி நேரம் தேடுவதுதானே.

மேலப்பாளையத்திலிருந்து: எதை முதலில் தள்ள வேண்டும், எதை முதலில் இழுக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

சக்தியைக் கூட்டும்போது ஆர்பிஎம் முதலில், திராட்டில் பிறகு. குறைக்கும்போது திராட்டில் முதலில், ஆர்பிஎம் பிறகு. மிக்ஸ்சர் லீவர் (காற்றோடு பெட்ரோல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கானது) கையால் இயக்குவதாக இருந்தால், கூட்டுவதற்கு முன்பே அதை ரிச்சில், அதாவது பெட்ரோல் அதிகமாக, வைத்துவிடுங்கள்.

காரணம் தெரிந்தால் மறக்காது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பைக்கை டாப் கியரிலேயே, வேகம் குறைந்த பிறகும் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் திணறி, வண்டியே உதறும். குறைந்த சுற்றில் அதிக பிரஷரைத் திணித்தால் விமானத்திலும் அதுதான் நடக்கும். சிலிண்டருக்குள் கலவை ஒழுங்காக எரியாமல் வெடித்துத் தட்டும். அப்புறம் பிஸ்டன் போகும், பேரிங் போகும்.

பணகுடியிலிருந்து: அண்ணாச்சி, நான் காற்றாலையில் டெக்னீஷியன். எங்கள் மெஷினிலும் பிட்ச் இருக்கிறது. ரெண்டும் ஒன்றா?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். உங்களுக்குப் பாதி விஷயம் கையிலேயே இருக்கிறது. உங்கள் மெஷினில் காற்று பிளேடைச் சுழற்றுகிறது, விமானத்தில் எஞ்சின் பிளேடைச் சுழற்றிக் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. திசைதான் மாறுகிறதே தவிர கோணத்தின் கணக்கு ஒன்றுதான். ஆடிக் காற்று அளவுக்கு மீறினால் பிளேடின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திருப்பி மெஷினை நிறுத்துவீர்கள் இல்லையா, விமானத்தில் அதற்குப் பெயர் ஃபெதர். பி-38 போன்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் செத்தால் உடனே அதைத்தான் செய்ய வேண்டும்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் செத்தால், அந்த நிமிடத்தில் இருந்து உங்கள் மூக்கில் இருப்பது ஒரு காற்றாலை. எதிர்க்காற்று அதைச் சுழற்றும். சுற்றுவதற்கான சக்தி உங்கள் உயரத்தில் இருந்துதான் போகிறது. பிளேடு ஃபைன் பிட்ச்சில் (கோணம் குறைவாக) இருந்தால் தட்டையாகக் காற்றை மறித்து பிரேக் போட்டது போல இழுக்கும். ஆர்பிஎம் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்துக் கோர்ஸ் பிட்ச்சுக்கு (கோணம் அதிகமாக) கொண்டுபோங்கள். சத்தம் இறங்கும், வேகமானியில் முள் சரிவது நிற்கும், மூக்கை முன்பு போல அவ்வளவு கீழே வைக்க வேண்டியிருக்காது. பெரும்பாலான கவர்னர்கள் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. குண்டு பட்டு எண்ணெய் ஒழுகுகிறது என்று தெரிந்தால், அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே இழுத்துவிடுங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு லீவரை இழுத்துப் பயன் இல்லை.

தென்காசியிலிருந்து: ஸ்பிட்ஃபயரில் எதிரியைத் துரத்தி மூக்கைக் கீழே தள்ளினால் எஞ்சின் இருமி அணைகிறது. என் கம்ப்யூட்டர் கோளாறா?

இல்லை, அது வரலாறு. ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப கால மெர்லின் எஞ்சினில் மிதவை வைத்த கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று தள்ளினால் பெட்ரோல் மேல்பக்கம் போய் எஞ்சின் பட்டினி கிடக்கும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. 1941-ல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் துளை போட்ட சின்ன உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தித் தற்காலிகமாகச் சரிசெய்தார். 1940-ம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் ஓட்டினால் அன்றைய விமானிகள் செய்ததையே செய்யுங்கள்: விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்டிக்கை இழுத்துக் கீழே இறங்குங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து: மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பிரஷர் 1.42 தான் வருகிறது, மஸ்டாங்கில் 67 வருகிறது. 109 எஞ்சின் அவ்வளவு பலவீனமா?

அளவுகோல் வேறு அக்கா. 109-ன் முள் காட்டுவது ‘அட்டா’ என்ற ஜெர்மன் அழுத்த அளவு. ஒரு ‘அட்டா’ ஏறக்குறைய 29 அங்குலம், ஆகவே 1.42 என்றால் சுமார் 41 அங்குலம். ஸ்பிட்ஃபயரின் முள் அதே அழுத்தத்தைப் பவுண்டில் காட்டும், அதன் +18 பவுண்டு மஸ்டாங்கின் 67 அங்குலத்துக்குச் சமம். 109-ன் டிபி 605 எஞ்சின் 35.7 லிட்டர், மெர்லின் 27 லிட்டர். பெரிய வயிற்றுக்குக் குறைந்த அழுத்தம் போதும்.

பிந்தைய 109-களில் பிட்ச் தானாகவே மாறும். ஃபாக்க-வுல்ஃப் 190-ல் ஒரே லீவர், மிச்சத்தை எல்லாம் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும். கையால் பிட்ச் மாற்றும் 109-இ தான் கவனம் கேட்கும். அதில் பிட்ச் காட்டும் டயல் கடிகாரம் மாதிரி இருக்கும், 12 மணி என்றால் ஃபைன். புறப்பட்டதும் 11, 10 என்று பின்னோக்கி இறக்க வேண்டும். அங்கே கவர்னர் கிடையாது. டைவ் அடிக்கும்போது முள்ளை 12-லேயே விட்டால் சுற்று 2,400-ஐத் தாண்டி எகிறிவிடும்.

வள்ளியூரிலிருந்து: ஐஎல்-2 சிமுலேட்டரில் யாக்-1 விமானம் ஓட்டுகிறேன். உயரே போனால் கரும்புகை விடுகிறது, வேகமும் இல்லை.

உயரத்தில் காற்று மெலிசு, பெட்ரோல் மட்டும் அதே அளவு போகிறது. திரும்பிப் பார்த்துக்கொண்டே மிக்ஸ்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். புகை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். கீழே இறங்கும்போது திரும்பக் கூட்ட மறக்க வேண்டாம். ரேடியேட்டரை முழுக்கத் திறந்து வைத்திருந்தாலும் வேகம் போகும், சூடு அனுமதிக்கும் அளவுக்கு மூடுங்கள்.

திசையன்விளையிலிருந்து: என் ஜாய்ஸ்டிக்கில் ஒரே லீவர். அதுவும் துள்ளுகிறது.

லீவரைத் திராட்டிலுக்குக் கொடுங்கள். ஆர்பிஎம்மைக் கூட்ட ஒரு பட்டன், குறைக்க ஒரு பட்டன். எத்தனை அழுத்துக்கு எத்தனை சுற்று மாறுகிறது என்று தரையிலேயே எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும். துள்ளுவது பெரும்பாலும் லீவர் எங்கே நிற்கிறது என்று அளக்கும் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. உங்கள் ஊர் தேரி மண் எங்கேயும் புகும். கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்து இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

பணகுடித் தம்பி மறுபடி: எஞ்சின் செத்ததும் லீவரை இழுத்தேன் அண்ணாச்சி. கடலில் விழாமல் இங்கிலாந்தின் டோவர் கரையைத் தாண்டிவிட்டேன். ஆனால் சக்கரத்தை இறக்கியதும் தொப்பென்று விழுந்தேன்.

சக்கரமும் காற்றைப் பிடித்து இழுக்கும் தம்பி. ஓடுதளம் கண்டிப்பாகக் கைக்கு எட்டும் என்று தெரிந்தால் மட்டும் இறக்குங்கள். வயல்தான் கதி என்றால் சக்கரம் உள்ளேயே இருக்கட்டும். மேக்னெட்டோவை (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) அணைத்து, பெட்ரோல் வால்வை மூடி, இறக்கையின் பின்பக்க ஃபிளாப்பைக் கடைசியில் இறக்கி, வயிற்றிலேயே உட்கார வையுங்கள்.