மலையில் வீடு, அடிவாரத்தில் சிகிச்சை: மார்பகப் புற்றுநோய் பற்றிய கேள்விகள்

கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, போடி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே நோய் தெரியவந்த முதல் சில வாரங்களில் எழுதப்பட்டவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே எத்தனை மணி நேரப் பயணம், இரவில் வண்டி கிடைக்குமா என்பதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கட்டியின் அளவைப் போலவே அதுவும் சிகிச்சையைத் தீர்மானிக்கும் விவரம்தான்.

அம்மாவுக்கு 58 வயது. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். பயாப்ஸியில் (சதைத் துண்டுப் பரிசோதனையில்) புற்றுநோய் என்று வந்துவிட்டது. அவரிடம் நீர்க்கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். தெரிந்தால் உடைந்துபோவார். சொல்லாமலே சிகிச்சையை முடித்துவிட முடியுமா, டாக்டர்? (மகன், வண்டிப்பெரியாறு)

முடியாது தம்பி. முடிந்தாலும் செய்யக் கூடாது. கீமோ ஏற்றும் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "உங்களுக்கு எந்த இடத்தில்?" என்பதுதான். அன்றைக்கு உண்மை தெரியும். பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும். அதன் பிறகு "சரியாகிவிடும் அம்மா" என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

இன்னொரு விஷயம். தனக்கு என்ன நோய் என்று தெரியாதவர், காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். கீமோ நாட்களில் அது உயிருக்கு ஆபத்து.

தனக்கு என்ன என்பதை எப்போதோ ஊகித்துவிட்டு, பிள்ளைகள் கலங்கக் கூடாது என்பதற்காகத் தெரியாதவர் போல நடந்துகொண்ட அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். உங்கள் அம்மாவும் அப்படி இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் கேளுங்கள்: "உங்களுக்கு என்னவென்று தோன்றுகிறது அம்மா?" அவர் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். புற்றுநோய் என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள். சிகிச்சை இருக்கிறது, கூடவே இருப்போம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் அழட்டும். கோட்டயத்திலோ திருவனந்தபுரத்திலோ மருத்துவர் மலையாளத்தில் பேசினால், அவர் சொன்னதில் பாதியை நீங்கள் விழுங்கிவிட்டு மீதியை மட்டும் அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே? நேராக ஆபரேஷன் செய்துவிடலாமா? (44 வயது, போடி)

பரவாது. அந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதான பிறகு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதைக்கிறது. பயாப்ஸித் துண்டில் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் ஹார்மோனால் வளரும் கட்டியா என்று காட்டும். ஹெர்-2 என்பது கட்டியை வேகமாக வளரச் செய்யும் ஒரு புரதம். ஹெர்-2 முடிவு '2+' என்று வந்தால், ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெளிவாகும். இந்த முடிவுகளைப் பொறுத்து, சிலருக்கு அறுவைக்கு முன்பே கீமோ கொடுப்பது நல்லது. இதற்காக இரண்டு வாரம் போவதில் தவறில்லை. இரண்டு மாதம் ஆக்கிவிடாதீர்கள். அறிக்கைகளின் நகலை மட்டுமல்லாமல், பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டையும்) கேட்டு வாங்க முடியும் என்பது நினைவிருக்கட்டும்.

எனக்கு 47 வயது. கட்டி இரண்டரை சென்டிமீட்டர். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம் என்கிறார் டாக்டர். "எடுப்பதுதான் எடுக்கிறாய், முழுதாக எடுத்துவிடு" என்கிறார் என் நாத்தனார். (கம்பம்மெட்டு)

நாத்தனாரின் பயம் புரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2002இல் வெளியாயின. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்ததில் வித்தியாசம் இல்லை. அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்று உண்டு. அதைக் குறைக்கத்தான் கரண்ட். கரண்டைத் தவிர்க்க நினைத்தால் கட்டியை மட்டும் எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இங்கேதான் மலை குறுக்கே வருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மெஷினுக்குப் போக வேண்டும். கம்பம்மெட்டிலிருந்து மதுரைக்கோ கோட்டயத்துக்கோ தினமும் போய்வர முடியாது. அந்த அலைச்சலுக்குப் பயந்தே மார்பகத்தை இழந்த பெண்கள் நம் பக்கம் உண்டு. முன்பு ஐந்தாறு வாரம் கொடுத்ததை இப்போது பலருக்கு 15 தடவையில், அதாவது மூன்றே வாரத்தில் முடிக்கிறோம். தகுந்த சிலருக்கு ஐந்து தடவையே போதும் என்ற முறையும் வந்துவிட்டது. உங்களுக்கு எத்தனை தடவை என்று அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள். தங்குவதற்கு உறவினர் வீடோ விடுதியோ பார்த்து வையுங்கள்.

முழுதாக எடுத்தால் கரண்ட் தேவைப்படாது என்றும் எண்ண வேண்டாம். அக்குள் நெறிகட்டிகளில் நோய் இருந்தால் அப்போதும் தேவைப்படலாம். மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் பல கட்டிகள் இருந்தால் முழுதாக எடுப்பதே சரியாக இருக்கலாம். எதுவானாலும் முடிவு உங்களுடையது. நாத்தனாரை அடுத்த முறை டாக்டரிடம் உடன் அழைத்துப்போங்கள்.

மனைவிக்கு முதல் கீமோ முடிந்தது. சிவப்பு மருந்து. சிறுநீரும் சிவப்பாகப் போகிறது. காய்ச்சல் வந்தால் உடனே வா என்கிறார்கள். நடு இரவில் எங்கே போவது? (குமுளி)

சிறுநீரின் நிறம் மருந்தின் நிறம்தான். ஓரிரு நாளில் மாறிவிடும். காய்ச்சல் அப்படியல்ல. மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.

நேராகப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடிய பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். முதல் டோஸ் அங்கே ஏறட்டும், பிறகு மலை இறங்கலாம். கீமோ சீட்டு, ஜீப் டிரைவரின் நம்பர் இரண்டும் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முள்ளாத்தாப் பழம் (முள்சீத்தா) புற்றுநோயைக் கரைக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கீமோவுக்குப் பதிலாகச் சாப்பிடலாமா? (நெடுங்கண்டம்)

வேண்டாம். அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வில் ஆதாரம் இல்லை. அதில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்புகளுக்குத் தீங்கு செய்யக்கூடியது. நீங்கள் வாங்கப்போகும் பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தும் கைகால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். அந்த பாக்ளிடாக்சலே முதலில் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்ததுதான். மூலிகைமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அளவு தெரியாத மருந்தைக் கீமோவோடு கலப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். இது தொற்றுநோய் இல்லை. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டு இடுக்கியில், சிகிச்சை மதுரையில். காப்பீடு கிடைக்குமா?

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், கேரளத்தின் காருண்யா திட்டம் இரண்டுமே தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருபவை. உங்கள் கார்டு எந்த மாநிலத்தது என்பதுதான் முக்கியம். எல்லை தாண்டினால் அது செல்லுமா என்று, பணம் எதுவும் கட்டும் முன்பே, அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். சிகிச்சையைப் பாதியில் மாநிலம் மாற்றுவது பெரிய சிரமம். ரயிலில் போனால், மருத்துவமனை தரும் படிவத்தைக் காட்டினால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. உடன் செல்பவருக்கு 75 சதவீதம்.

அக்குள் நெறிகட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி கொழுந்து எடுக்கப் போகலாமா? (மூணாறு)

போகலாம். அந்தக் கையை வாழ்நாள் முழுவதும் அசைக்கக் கூடாது என்ற பழைய பயம் தேவையில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்யுங்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூடையை அந்தத் தோளில் உடனே மாட்டாதீர்கள். கீறலும் அட்டைக்கடியும்தான் எனக்குக் கவலை, ஏனெனில் அந்தக் கையில் கிருமி புகுந்தால் வேகமாக வீங்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றே காட்டுங்கள். சில மாதங்களுக்கு நர்சரி வேலை போன்ற லேசான வேலை தரும்படி எஸ்டேட்டில் கேட்க மருத்துவச் சான்றிதழ் தேவைப்படும். அதை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் இன்னொரு முறை மலை இறங்க வேண்டாம்.