தாத்தா கணக்கில் போன பணம் திரும்புமா?

கேள்வி: மேடம், என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எந்நேரமும் செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்தான். என் மாமனாரின் ஜிபே ரகசிய எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் 38,000 ரூபாய்க்கு ஆட்டத்துக்குள் ‘டைமண்ட்’ வாங்கிவிட்டான். எல்லாம் அவருடைய பென்ஷன் பணம். போனைப் பிடுங்கினால் சோற்றுத் தட்டை வீசுகிறான். அமெரிக்காவில் பெற்றோர்கள் கேம் கம்பெனிகள் மேல் கேஸ் போட்டிருப்பதாக யூடியூபில் பார்த்தேன். நாமும் போடலாமா? போலீசுக்குத் தெரிந்தால் பையனைப் பிடித்துப்போவார்களா? கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: சகோதரி, கடைசிப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தாத்தாவே பேரன் மேல் புகார் கொடுக்காத வரை பெரும்பாலும் போலீஸ் பேச்சே வராது. அப்படியே வந்தாலும் 18 வயது ஆகாதவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிற்பான், சிறைக்குப் போகமாட்டான். ஆகவே ‘போலீசில் பிடித்துக் கொடுப்பேன்’ என்று வீட்டில் யாரும் மிரட்ட வேண்டாம். பயந்த பிள்ளை எப்போது, எவ்வளவு எடுத்தான் என்பதை மறைப்பான். நமக்கு வேண்டியதே அந்தக் கணக்குதான்.

கோபத்தில் ஆட்டத்தை அழித்துவிடாதீர்கள், போனை உடைத்துவிடாதீர்கள். அவனுடைய கேம் ஐடி, டைமண்ட் வாங்கிய ரசீதுகள், ஜிபே பட்டியல் எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பணம் போயிருந்தால், தாத்தா தூங்கும் நேரத்தில் யார் வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்க வழக்குகள் உண்மைதான். பிள்ளைகளை விடாமல் ஆடவைக்கும்படி வேண்டுமென்றே ஆட்டத்தை வடிவமைத்தார்கள் என்பது அங்குள்ள பெற்றோர்களின் வாதம். ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலர் திருப்பித்தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஆனால் அது பெற்றோர்கள் போட்ட கேஸால் இல்லை, அந்நாட்டு வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையால் வந்தது. அந்த வழக்குகளில் உங்களைச் சேர்த்துவிடுவதாக யாராவது பதிவுக்கட்டணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் என்ன வழி? 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றைத் தடுக்கிறது. உங்கள் மகனின் ஆட்டம் அந்த வகை இல்லை. நமக்குக் கைகொடுப்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவுப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். 1903-லேயே, அப்போது நமக்கு உச்ச நீதிமன்றம் போல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது. கம்பெனி சும்மா இருக்காது. ‘பெரியவர் கணக்கு, பெரியவர் ரகசிய எண், அவர்தான் வாங்கினார்’ என்று வாதாடும். முழுப்பணமும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கேட்காமல் விடுவதும் சரியில்லை.

முதலில் ப்ளே ஸ்டோருக்கும் கேம் கம்பெனிக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். இது தர்மம் இல்லை, உங்கள் உரிமை. தயங்காமல் போங்கள்.

பணத்தைவிட எனக்கு அந்தத் தட்டு வீசிய கைதான் கவலை. விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மகனுக்கு அது இருக்கிறதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப்பிரிவு உண்டு. அங்கே போவதற்கு முன் அரசு மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசுவார்கள். வழக்குக்காகக் காத்திராமல் இதை இந்த வாரமே செய்யுங்கள். மருத்துவர் தரும் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், மனுவோடு இணைக்கலாம்.

அப்புறம், சத்துவாச்சாரிக்குப் போகும்போது மாமனாரையும் பாஸ்புக்கோடு கூட்டிப்போங்கள். மகன் சார்பில் நீங்களும், கணக்குக்காரர் என்ற முறையில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது. பையனின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.