மூன்று ஏக்கர் தோப்புக்கு 7.5 ஹெச்.பி. சோலார் பம்பு தேவையா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. போர்வெல்லில் 5 ஹெச்.பி. மின்மோட்டார் ஓடுகிறது. மின்வாரிய இணைப்பை ஒப்படைத்துவிட்டு, மானியத்தில் 7.5 ஹெச்.பி. சோலார் பம்பு போடச் சொல்கிறார் ஒரு முகவர். போடலாமா?

பதில்: இணைப்பை ஒப்படைக்காதீர்கள். மோட்டாரையும் பெரிதாக்காதீர்கள்.

விவசாயிகளின் சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம், 2019-ல் தொடங்கிய பி.எம். குசும். அதில் முகவர் சொல்வது ‘பி’ பிரிவு. அது மின்கம்பி எட்டாத இடங்களில் டீசல் பம்புக்கு மாற்றாக வந்தது. உங்களுக்குப் பொருந்துவது ‘சி’ பிரிவு. இருக்கிற மோட்டாருக்கே பேனல் வைத்து, மின்வாரிய இணைப்போடு சேர்த்து, மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கே விற்கலாம். இரண்டு பிரிவிலும் மத்திய அரசின் மானியம் 30 சதவீதம்தான். மாநிலமும் பங்கு தருகிறது.

நான் இப்படிச் சொல்வதற்குத் தண்ணீர்தான் காரணம். தனித்து நிற்கும் சோலார் பம்பை நிறுத்தினால் அன்றைய வெயில் வீண். அதனால் தேவை தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி, மழை குறைவாகக் கிடைக்கும் மழை மறைவுப் பகுதி. தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. உண்டு, ஆனால் ஆழியாற்றுத் தண்ணீர் தள்ளிப்போகும் வாரங்களில் ஊரே போர்வெல்லைத்தான் நம்புகிறது. 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் என்ற தேசிய இலக்கை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் பேனல்தான் ஏறும். நிலத்தடி நீர்மட்டம் அதில் வராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்க வழி இருந்தால், மோட்டாரை நிறுத்திய ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு வருமானம்.

‘சி’ பிரிவில் மோட்டார் திறனைப் போல இரு மடங்கு வரை பேனல் வைக்க விதி இடம் தருகிறது. 5 ஹெச்.பி.க்கு ஏறத்தாழ 7 கிலோவாட். நல்ல வெயில் நாளில் 28 யூனிட் வரை கிடைக்கும். மோட்டார் நான்கு மணி நேரம் ஓடினால் சுமார் 18 யூனிட் செலவாகும், மீதி விற்பனைக்கு. சொட்டுநீர் போட்டு ஓட்டும் நேரத்தைக் குறைத்தால் மீதி இன்னும் கூடும்.

ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு, எவ்வளவு நேரத்தில் குழாயில் தண்ணீர் அறுந்து காற்றோடு சீறுகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். நிறுத்திவிட்டு, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்றும் குறியுங்கள். 5 ஹெச்.பி.க்கே தண்ணீர் அறுந்தால் 7.5 போட்டு என்ன பயன்? மோட்டார்தான் காயும்.

பேனலைத் தோப்புக்குள் நிறுத்தவே வேண்டாம். ஒரே ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதோடு தொடராக இணைத்த வரிசை முழுவதும் உற்பத்தி சரியும். காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை நிழல் படாத வரப்போரமோ களமோ பாருங்கள். சுமார் 700 சதுர அடி தேவைப்படும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்களுக்கு கான்கிரீட் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு குறை உண்டு: கரண்ட் போனால், பேனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது.

முகவருக்கு முன்பணம் கொடுக்கும் முன், கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்), கேரள அரசின் மரபுசாரா எரிசக்தி நிறுவனமான அனெர்ட்டின் பாலக்காடு அலுவலகத்திலும் ‘சி’ பிரிவுக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, உபரி யூனிட்டுக்கு என்ன விலை என்ற இரண்டையும் நேரில் கேளுங்கள்.