சுவருக்குள் உடைந்த குழாய்: முதலில் எதை மூடுவது?

கேள்வி: எங்கள் மாடி வீட்டின் கீழ்த்தளச் சமையலறையில், சுவருக்குள் பதித்திருந்த தண்ணீர்க் குழாய் சென்ற வாரம் விடியற்காலையில் உடைந்துவிட்டது. மோட்டாரை உடனே நிறுத்தினோம். ஆனால், மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வைத் திருப்பவே முடியவில்லை. 1,000 லிட்டரும் கூடம் வரை வந்த பிறகுதான் நின்றது. நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டின் எல்லாக் குழாய்களையும் மாற்ற வேண்டும் என்று பிளம்பர் சொல்வது சரிதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மோட்டாரை நிறுத்தியதில் தவறில்லை. ஆனால், உடைப்பில் கொட்டியது தொட்டியில் ஏற்கெனவே நிறைந்திருந்த தண்ணீர் என்பதால், அதனால் மட்டும் பயன் இருந்திருக்காது.

தண்ணீர் சுவிட்ச் பலகையையோ தரையில் கிடக்கும் வயரையோ நெருங்கினால், வால்வைத் தேடுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அதை அடைவதற்கு ஈரத்தில் நடந்துதான் போக வேண்டும் என்றாலோ, பெட்டியே நனைந்திருந்தாலோ, எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். நனைந்த சுவிட்ச் பலகையை எலெக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்வரை பயன்படுத்தக் கூடாது.

இனி வால்வு. சக்கரப் பிடி கொண்ட கேட் வால்வு ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் துருவும் உப்பும் ஏறி இறுகிவிடும். பதற்றத்தில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் அதன் தண்டு முறியலாம், அல்லது தொட்டியோடு சேரும் இணைப்பே விரிசல் விடலாம். இதற்கு எளிய மாற்றுவழி உண்டு. பழந்துணியைப் பந்தாகச் சுருட்டி, பாலித்தீன் பையில் பொதிந்து, நீண்ட கயிற்றில் கட்டி, தொட்டிக்குள் தண்ணீர் வெளியேறும் துளையில் வைத்தால், தண்ணீரின் இழுப்பே அதை அங்கே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பந்து துளையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே கட்டி வையுங்கள். அதுவரை, அதே தொட்டியிலிருந்து வரும் குளியலறைக் குழாய், கொல்லைப்புறக் குழாய் ஆகியவற்றை முழுதாகத் திறந்துவிட்டால், தண்ணீரின் பெரும்பகுதி கூடத்துக்கு வராமல் சாக்கடைக்குப் போய்விடும். தண்ணீர் வீணாகிறதே என்று அப்போது மனம் கேட்காது. ஆனாலும் திறந்துதான் ஆக வேண்டும். வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

எல்லாக் குழாய்களையும் மாற்றும் யோசனைக்கு உடனே தலையாட்ட வேண்டாம். ஏழு மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி கீழே தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அளவுதான். நல்ல குழாய் எதுவும் அந்த அழுத்தத்துக்காக உடையாது. உடைந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிங்க் குழாயைத் திருகும் எல்போவின் (வளைவு இணைப்பின்) மரையில் நீளவாக்கில் விரிசல் இருந்தால், பிளாஸ்டிக் மரையில் உலோகக் குழாயை அளவுக்கு மீறி இறுக்கியதே காரணமாக இருக்கலாம். உட்புறம் பித்தளை மரை வைத்த எல்போவாக மாற்றினாலே போதும். சுடுநீர் போகும் இடத்தில் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்க்குப் பதிலாகச் சாதாரண பி.வி.சி. போட்டிருந்தால், அந்தப் பாதையை மட்டும் மாற்றுங்கள். துண்டு கையால் ஒடித்தாலே நொறுங்கும் அளவுக்கு மக்கியிருந்தால்தான் பிளம்பரின் பேச்சுக்கு நியாயம் உண்டு. பழைய கேட் வால்வுக்குப் பதிலாகக் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினாலே மூடிவிடும் பால் வால்வைப் போட்டு, மாதம் ஒரு முறை மூடித் திறந்து வாருங்கள்.

புதிய இணைப்பில் பசை ஈரமான குழாயில் பிடிக்காது என்பதால், நன்கு துடைத்து உலர்த்திய பிறகே ஒட்டச் சொல்லுங்கள். பசை நன்றாக இறுகிய பிறகு தொட்டியை நிரப்பி, ஒரு நாள் முழுதும் சுவரைப் பூசாமல் திறந்தே வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கொத்தனார் பூசுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக் குழாயின் பாதையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பவருக்கு உதவும்.